பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவும் உங்கள் பேஸ் பெட்டியும்

அண்ணே,

இன்று காலை மகன் கொழும்பிலிருந்து பாட்டுப் போட ஒரு பேஸ் பெட்டி கொண்டுவந்து புது வீட்டின் முன்னறையில் வைத்தான். "சின்ன ரூமும்மா, அளவாத்தான் வைப்பேன்" என்று சொல்லிக்கொண்டே திருகினான். உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியதும் பருப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து மதினியும், உங்கள் மனைவிதான், ஓடிவந்து நிற்கிறார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டையே பார்த்தோம். "பெட்டிதானே?" என்றார். "பெட்டிதான் மதினி" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அந்த ஆபிசரிடம் நான் சொன்னதை இன்றாவது மதினியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் என் முகத்தில் முழிப்பாரா என்று பயமாக இருக்கிறது. அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் உங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். நீங்கள் அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கிவந்த அன்றே என் கூரைத் தகரம் கடகடவென்று ஆடியது. "கோயில் திருவிழாவுக்கு வைக்க வேண்டியத காம்பராவுக்குள்ள வச்சிருக்கீங்களே, மனுசர் குடியிருக்க வேணாமா?" என்று வாசலில் நின்று கத்தினேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

நீங்கள் கோபப்படவில்லை. "பத்துக்குப் பன்னண்டு காம்பராவுக்கு இது கூடுதல்தான் தங்கச்சி. மூலையில வச்சா சத்தம் இன்னும் பொங்கும்" என்றீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வேலைதான். பெட்டியை மூலையிலிருந்து இழுத்தீர்கள், அடியில் பழைய கம்பளியை மடித்து வைத்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "இப்ப?" என்பீர்கள். "கொறைங்க!" என்பேன். "இப்ப?" "இன்னும் கொறைங்க!" லயமே சிரித்தது. கடைசியில் பாட்டு கேட்டது, என் தகரம் ஆடவில்லை. சத்தம் எங்கே கூடுகிறது என்று காதைத் தாழ்த்திக்கொண்டு அடி அடியாக நடந்து பார்த்தபோதுதான், பின்சுவரில் தலைமுடி அளவு வெடிப்பு இருப்பதைக் கண்டீர்கள். என் பக்கமும் அது இருந்தது.

சில வாரத்தில் அதில் தீக்குச்சி நுழைந்தது. உங்கள் பெட்டிதான் சுவரைப் பிளந்தது என்று வீடு வீடாகச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் நம்பினீர்கள். ஒவ்வொரு நாளும் பேஸை இன்னும் கொஞ்சம் குறைத்தீர்கள்.

அப்போதுதான் மண்சரிவு அபாயம் பார்க்கும் ஆபிசர் வந்தார். வெடிப்பைப் பார்த்து ஏதோ எழுதத் தொடங்கினார். நான் முந்திக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில், இது மண்ணால் வந்ததில்லை, இந்த மனுசனின் பெட்டியால் வந்தது என்றேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றீர்கள். அவர் எழுதியதை அடித்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டார். மதினி அன்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நீங்கள் பெட்டியின் வயரையே கழற்றிவிட்டீர்கள். வெடிப்பின் குறுக்கே ஒரு பேப்பர் துண்டை ஒட்டிவைத்தீர்கள். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். "பெட்டி ஓடவே இல்ல தங்கச்சி. பேப்பர் கிழிஞ்சிருக்கு பாரு." உங்கள் முகம் வெளுத்திருந்தது. நான் என்ன சொன்னேன்? "நீங்களே கிழிச்சிருப்பீங்க." பாவி நான், என் நாக்கு அழுகிப்போக!

மூன்றாம் நாள் மத்தியானம், விடாத மழை. என் சுவர் உறுமியது. திரும்பவும் பெட்டியைப் போட்டுவிட்டாரே என்று அகப்பையோடு வெளியே பாய்ந்தேன், உங்களைத் திட்டத்தான். நீங்கள் மழையில் நின்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். "பெட்டி இல்ல தங்கச்சி! கோயில் பக்கம் ஓடு!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினீர்கள். கடைசிக் காம்பராவில் எழுந்து நடக்க முடியாமல் கிடந்த அக்காவைத் தூக்கிவர ஓடினீர்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் மண்தான் இருந்தது.

இதுவரை எழுதிவிட்டு மதினி வீட்டுக்குப் போனேன் அண்ணே. உட்காராமலேயே சொல்லி முடித்தேன்.

"தெரியும் புள்ள" என்றார் மதினி. "அன்னிக்கே அவரு வந்து சொன்னாரு. எந்திரிச்சதும் மொதல்ல அந்தப் பேப்பரத்தான் பாப்பாரு. 'தங்கச்சி சொன்னதே நெசமா இருக்கணும், தப்பு என் பெட்டியாவே இருக்கணும்'னு சாமிகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு."

என்னைத் தோற்கடிக்கத்தான் அந்தப் பேப்பரை ஒட்டினீர்கள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். மதினி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகன் தயங்கித் தயங்கி, "போடவாம்மா, வேணாமா?" என்றான். போடச் சொன்னேன். பாதியில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். பின்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். சுவர் சும்மாதான் இருந்தது. கையை எடுக்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.