இடது பக்கத்துக் குரல்கள்

மேற்குத் தாம்பரம்
9-3-1974

என் அன்பு மகள் தபீதாளுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை எலியேசரும் ஆப்பிரிக்காவில் அந்த லுசாக்கா ஊரில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய பெட்டியை உன் பள்ளிக்கூடத்து பக்தவச்சலம் சார் லீவில் வந்தபோது நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். ரிக்கார்டு பிளேயர், ஹெட்போன், இரண்டு இசைத்தட்டு, எதுவும் உடையவில்லை. இதை எழுத ஏன் மூன்று வாரம் ஆயிற்று என்று கேட்பாய். பயப்படும்படி ஒன்றுமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கே சார் ஒயரெல்லாம் மாட்டி, பாடகர் குழு ரிக்கார்டைப் போட்டு, ஹெட்போனை அம்மா தலையில் வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டி, "பொம்பளைங்க இடது பக்கம் நிக்கிறாங்க, ஆம்பளைங்க வலது பக்கம். தனியா பாடுறாரே ஒருத்தர், அவர் நடுவுல, என் நெத்திக்கு நேரா. ஆர்கன் எங்கேயோ பின்னால" என்று ஆளுக்கு ஆள் இடம் காட்டினாள். ஸ்டீரியோ என்றால் இதுதான் என்று சார் சந்தோஷப்பட்டார்.

பிறகு நான் மாட்டிக்கொண்டேன். ஆண்கள் குரல் மட்டும் வலது காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டது. பெண்களைக் காணோம். தனியாகப் பாடியவரும் நடுவில் இல்லை, வலது காதுக்குள்ளேதான் இருந்தார். ஒரு பக்கத்து ஒயர் அறுந்துவிட்டது என்றேன். சார் ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினார். இப்போது பெண்கள் வந்தார்கள், அதே வலது காதில். ஆண்கள் போய்விட்டார்கள். கோளாறு ஒயரில் இல்லை, என் இடது காதில்.

அவர் போன பிறகு அம்மாவைக் கேட்டேன். தனக்கு இரண்டு வருஷமாகவே சந்தேகம் என்றாள். கோயிலுக்குப் போகும்போதும் சாப்பிட உட்காரும்போதும் எனக்கு வலது பக்கமாகவே அவள் வந்துகொண்டிருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நாலு தடவை சொன்னேன். நான் முணுமுணுக்கிறேன்னு என்னையே திட்டினீங்க" என்றாள்.

மகளே, தபால் ஆபீஸ் ஞானசௌந்தரி வேலை அதிகம் என்று, நான் நடத்தும் நம் கோயில் பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டதாகப் போன வருஷம் உனக்கு எழுதியிருந்தேன். அது பொய். போன ஈஸ்டருக்கு முந்தின மாசம் ஒரு பயிற்சியில் எல்லோர் முன்னாலும் நான் அவளை எழுப்பி நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கிறவர்கள் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். பதினெட்டு வருஷம் பாடியவள். பாட்டுப் புத்தகத்தை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனவள்தான். அவள் நின்றது எனக்கு இடது பக்கம்.

பெட்டி வந்த மறுநாள் என்னால் கோயிலில் கை தூக்கிப் பாட்டு நடத்த முடியவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்துப் பம்மலில் ஞானசௌந்தரி வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்போ என் தொண்டை போகலையா சார்?" என்று கேட்டாள். "நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். வூட்ல கூட வாயைத் திறக்கல. அக்கா மவ தாலாட்டுப் பாடச் சொன்னப்பகூட மாட்டேன்னுட்டேன்" என்றாள். பதினோரு மாசம், தபீதாள். நான் சொன்னதை நம்பி ஒரு பெண் பதினோரு மாசம் பாடாமல் இருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். காபி போட உள்ளே போனவள் அங்கிருந்தே மெதுவாக ஒரு வரி பாடிப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக. நான் வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஒரு சுருதியும் குறையவில்லை.

அந்த வாரம் எனக்குத்தான் தூக்கமில்லை. மூளையில் கட்டி இருக்குமோ என்று பயந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் அவளும் அதையேதான் நினைத்தாள். வியாழக்கிழமை பட்டணத்துக் காது டாக்டரிடம் போனோம். அவர் சுருதி பார்க்கிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, எந்தக் காதில் கேட்கிறது என்றார். இடது காதில் கேட்டது! கேட்காத காதில்தான் பலமாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நரம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே அரிசிமணி அளவு எலும்பு ஒன்று இறுகிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், கட்டியெல்லாம் கிடையாது என்றார். வெளியே வந்ததும் அம்மா பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன சனிக்கிழமை பயிற்சியில் நடந்ததையெல்லாம் குழுவினர் முன்னால் நானே சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை அங்கேதானே திரும்ப எடுக்க வேண்டும்? கடைசி பெஞ்சில் ஞானசௌந்தரி உட்கார்ந்திருந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் பாடும் லாசரஸ் எழுந்து, முன்னால் வாங்கக்கா என்று இடம் விட்டான். ஈஸ்டர் பாட்டில் தனிக்குரல் அவளுக்குத்தான்.

ஆபரேஷன் ஏப்ரல் பதினேழு, ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை. ஊசி போட்டு மரத்துப் போகச் செய்வார்களாம், வலியில்லையாம். உனக்கு அந்தச் சமயம் பள்ளி விடுமுறை என்று தெரியும். அதற்காக நீ அவ்வளவு தூரம் கிளம்பி வர வேண்டாம், மாப்பிள்ளையைச் சிரமப்படுத்தவும் வேண்டாம். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அம்மா நேற்று உன் கட்டிலை முற்றத்தில் வெயிலுக்குப் போட்டு, மெத்தையைத் தட்டி வைத்தாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

நீங்கள் எந்த வழியில் புறப்பட்டாலும் ஆண்டவர் கூடவே வருவாராக.

உன் அன்புள்ள அப்பா,
தனசிங்