கரைக்கூடை வரிசையைப் பிரித்தவனுக்கு

மாரி பொய்யாத் தண்பொழில் நாட்டின் அரியணையைச் சிறுவனாகிய தன் மகன் பொருட்டுக் காத்துவரும் கோப்பெருந்தேவி பூங்கோதையாகிய யாம், எயிலூர் அரண்மனையிலிருந்து, கீழாற்று மண்டலக் காவலரும், யவனர் பெருநகராம் உரோமைக்கு நம் தூதராய்ச் சென்று நான்காண்டு தங்கி மீண்டவரும், எம் உடன்பிறந்த இளவலுமாகிய இளஞ்சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் மண்டலத்து ஆறுகள் நிறைக. பேரகல் ஏரியின் கீழுள்ள நாற்பது ஊர்களும் நலம் பெறுக. உமக்கென்று தனியே ஒரு வாழ்த்து எழுத எமக்கு மனம் வரவில்லை.

ஐந்நூறு வேல்வீரரும் பன்னிரண்டு யானைகளும் வேண்டும் என்று நீர் எழுதிய ஓலை முந்தாநாள் வந்தது. ஏரிக்கரைப் பணியாளர் கலகம் செய்து கழுகுக்குன்றில் ஏறிவிட்டனர் என்றும், அவர்களை அடித்து இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் அதில் கண்டோம். அன்று பிற்பகலே, குன்றில் இருப்போர் அனுப்பிய சாத்தங்கொற்றி என்னும் மண்சுமக்கும் பெண் மூன்று நாள் நடந்து நம் அவைக்கு வந்து சேர்ந்தாள். உம் ஓலையில் இல்லாதவை யாவும் அவள் வாயில் இருந்தன. இனி உன்னை நீர் என்று எழுத எம்மால் ஆகாது. யாம் சொல்லச் சொல்ல எழுதிவந்த ஓலைநாயகம் சில சொற்களை எழுதக் கூசினார். எழுத்தாணியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு எழுதுகிறோம்.

முதல் மேகம் கண்ட நாளில் இந்நாட்டில் என்ன நடக்கும் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும், சொல்கிறோம். ஏரியின் உள்வாய்த் தரையிலிருந்து கரையின் உச்சிவரை நாட்டார் அனைவரும் ஒரே வரிசையில் நின்று மண்கூடையைக் கைமாற்றிக் கரையை உயர்த்துவார்கள். தன் பக்கத்தில் நிற்பவர் யார் என்று எவரும் தேர்ந்துகொள்ளல் ஆகாது. வந்த முறைப்படியே நிற்க வேண்டும். நம் தந்தையார் ஓராண்டு ஒரு தோல் தைப்பவனுக்கும் ஒரு குயத்திக்கும் நடுவில் நின்றார். நீ அவர் தோளில் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு அழுது அடம்பிடித்து நீயும் ஒரு கைப்பிடி மண் போட்டாய்.

அந்த வரிசையைத்தான் நீ பிரித்தாய். உரோமையில் அவைப்பெரியோர் ஆடையில் அகன்ற ஊதாக்கரையும், அவர்க்கு அடுத்தோர் ஒடுங்கிய கரையும் அணிவர் என்று கண்டு வந்து, இங்கும் நிலக்கிழார்க்கு அகன்ற கரை, வணிகர்க்கு ஒடுங்கிய கரை, ஏனையோர்க்குக் கரையில்லா வெள்ளை என்று ஆணையிட்டாய். அகன்ற கரையார் கூடை தொட வேண்டா என்றாய். ஒடுங்கிய கரையார் நிழலில் நின்று மேற்பார்த்தால் போதும் என்றாய். வெள்ளை உடுத்தோர் ஊரவையில் வாய் திறக்கலாகாது என்றும் சேர்த்தாய். இதையெல்லாம் எம்மைக் கேட்டாயா? உன் பாட்டன் வீட்டுச் சொத்தா இந்த நாடு?

உரோமையிலிருந்து நீ எழுதிய ஓலைகள் இதோ எம் முன்னால் கிடக்கின்றன. முதலாண்டு ஓலையில் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய். ஏர் பிடித்த கையே வேல் பிடித்ததால் அந்நகரம் வளர்ந்தது என்றாய். சட்டத்தை வெண்கலத் தகட்டில் பொறித்து நடுச்சந்தியில் வைத்தார்கள், போரில் தோற்றவனின் பேரனும் அவர்கள் அவையில் அமர வழியிருந்தது என்றாய். முற்காலத்தில் உயர்குடியார் நெருக்கியபோது எளிய குடிகள் நகரை விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் அமர்ந்தார்கள் என்றும், ஒரு கல்லும் எறியவில்லை என்றும், உழவும் போரும் நின்றுபோக உயர்குடியார் இறங்கி வந்தார்கள் என்றும், எளியோர்க்கென்று தனி அதிகாரிகளை ஏற்று, அவர்கள் உடம்பில் எவரும் கைவைக்கலாகாது என்று சத்தியம் செய்தார்கள் என்றும் எழுதியவன் நீதானே? இன்று உன் கண்ணெதிரில் ஒரு குன்றில் மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். அது உனக்குக் கலகமாய்த் தெரிகிறது.

மூன்றாமாண்டு ஓலையில் உன் எழுத்தே மாறிவிட்டது. பெரியவர் வீட்டு விருந்துகளில் உனக்கும் சாய்ந்து உண்ண ஒரு கட்டில் போட்டார்கள் போலும். இருபதாண்டு போர் செய்து மீண்டவன் தன் நிலம் எவனோ ஒருவனின் பண்ணைக்குள் போயிருக்கக் கண்டு நகருக்கு வந்து இலவசத் தானியத்துக்கு நிற்பதையும், அந்தப் பண்ணையை விலங்கு பூட்டிய அடிமைகள் உழுவதையும், விடிந்ததும் பெரியவர் வாசலில் சோற்றுக்கூடைக்குக் குடிமக்கள் காத்துக் கிடப்பதையும் வேடிக்கைபோல எழுதியிருக்கிறாய். கூத்தரங்கில் தரத்துக்கு ஏற்ப இருக்கை என்பதை மட்டும் வியந்து வியந்து எழுதியிருக்கிறாய். நோய் எது, நகை எது என்று உனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அந்நாட்டு எல்லையில் இப்போது கூலிக்கு வந்த அயலாரே காவல் நிற்கிறார்கள், உரோமையான் தன் மகனைப் படைக்கு அனுப்ப மாட்டேன் என்கிறான் என்று சென்ற திங்கள் நம் துறைக்கு வந்த மாலுமிகள் சொன்னார்கள். தனதென்று ஒரு சாண் மண் இல்லாதவன் எதைக் காக்கப் போவான்?

அதே ஓலையின் கடைசியில் ஒரு விருந்துச் சிரிப்பை எழுதியிருந்தாய். அடிமைகளுக்குத் தனி உடை வேண்டும் என்று அவர்கள் அவையில் ஒருவர் சொன்னாராம். வேண்டா, அப்புறம் நாம் எத்தனை பேர் என்று அவர்கள் நம்மை எண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்று மற்றவர்கள் அதைக் கைவிட்டார்களாம். உரோமையின் பெரியோர்க்கு இருந்த அந்தப் பயம்கூட உனக்கு இல்லாமல் போயிற்று. அவர்கள் செய்ய அஞ்சியதை நீ செய்தாய்.

அன்று கரையில் நடந்ததைச் சாத்தங்கொற்றி சொன்னபடியே எழுதுகிறோம். "வெள்ளைத்துணிக்காரங்க எல்லாம் தனியா நில்லுங்கன்னாங்க, நின்னோம் தாயே. திரும்பிப் பாத்தா கரை முச்சூடும் நாங்கதான் நிக்கிறோம். நெழல்ல நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. இத்தன நாளு இது எங்களுக்கே தெரியாது. கூடைய வச்சிட்டு நடந்துட்டோம். ஆரையும் ஏசல, அடிக்கல." இதுதான் நீ கலகம் என்று எழுதியது.

எம் பிழையையும் மறைக்க மாட்டோம். அந்த விருந்துச் சிரிப்பைப் படித்துவிட்டு யாமும் சிரித்தோம். கீழாற்றில் உன்னைவிட மண்ணறிந்தவர் பலர் இருக்க, உடன்பிறந்தவன் என்பதற்காகவே உனக்கு அம்மண்டலத்தைக் கொடுத்தோம். அதுவும் ஓர் ஊதாக்கரைதான். அதற்காக வெட்கப்படுகிறோம்.

மழைக்கு இன்னும் பதினைந்து நாளும் இல்லை. மூன்றாம் மதகின் அருகே கரை சரிந்து கிடக்கிறது. அதன் நேர்கீழே எட்டு ஊர்கள். நீ கேட்ட வேல்வீரருள் முந்நூற்றுவரின் தாயும் தமக்கையும் இப்போது அந்தக் குன்றில் இருக்கிறார்கள். அவர்களை அனுப்பினால் வேல் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு நொடியாவது நினைத்தாயா? யானை மிதித்து இறக்கிய மக்கள் கரையில் மண் போடுவார்கள் என்று உனக்கு எவன் சொன்னான்?

ஆகவே ஆணையிடுகிறோம். ஆடைக்கரை பற்றிய உன் கட்டளை இந்நொடி முதல் செல்லாது. வேலும் யானையும் வாரா. உன் மேலாடையின் ஊதாக்கரையை உன் கையாலேயே கிழித்து, குடையும் காவலும் இன்றிக் குன்றில் ஏறி, செய்தது தவறு என்று அனைவரும் கேட்கச் சொல்லுக. கரைக்கு வருவதும் வாராததும் அவர்கள் விருப்பம். வந்தால் வரிசையில் உனக்கு வாய்த்த இடத்தில் நிற்பாயாக. வாரார் எனின், மூன்றாம் மதகின் சரிவை நீயும் உன் அகன்ற கரையாருமே மழைக்குமுன் அடைக்க வேண்டும். மண்டலக் காவல் உன்னிடம் இருப்பதா என்பதை ஏரி நிறைந்தபின் ஊரவை தீர்மானிக்கும். அன்று அங்கே எல்லோரும் பேசுவர். யாமும் நாளை கரைக்குப் புறப்படுகிறோம்.

இவ்வோலை பேரகல் ஏரிக்கு வடக்கே எயிலூரில் எம் கைப்பட எழுதி, கயல் இலச்சினை இட்டு, அவையறிய விடுக்கப்பட்டது. எழுதியது மாறாது.

உன் கைக்கு வருமுன் இது கழுகுக்குன்றில் முழுவதும் உரக்கப் படிக்கப்பட்டிருக்கும். கொண்டுவருபவள் சாத்தங்கொற்றி. எழுந்து நின்று வாங்கிக்கொள்.