கடல் மீனுக்கு நல்ல தண்ணீர்

மீன் தொட்டியின் விளிம்பில் இன்று காலையும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட உங்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது. ஆள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு வேலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். கருமாதிக்கு வந்த அத்தனை பேரும் உங்களைத் தங்கமான மனுஷன் என்றார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு அழுதேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது. இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், நல்லது கேட்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

முப்பது வருஷம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பஸ்ஸில் விசில் ஊதினீர்கள். ரிட்டயர்டு ஆனதும் அந்த விசிலை வீட்டுக்குள் ஊத ஆரம்பித்தீர்கள். இதை எடு, அதை வை, அங்கே நிற்காதே. சரி, மனுஷனுக்குப் பொழுது போகவில்லை என்று நானும் பொறுத்தேன். ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து குட்டியானை வண்டியில் எண்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. கூடவே ஐந்து கிளவுன் மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை, சுண்டுவிரல் நீளம். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தன. நானும் ஸ்கூல் சத்துணவு வேலை முடிந்து வந்ததும் காபி டம்ளரோடு அதற்கு முன்னால்தான் உட்காருவேன்.

அதை எப்படி வளர்ப்பது என்று கடைக்காரரையும் கேட்கவில்லை, போனிலும் பார்க்கவில்லை. மாதம் ஒருமுறை வண்டியில் மரக்காணம் போய் வெள்ளைக் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து வருவீர்கள். தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற அதையே ஊற்றுவீர்கள். "கடல் மீனுக்குக் கடல் தண்ணி தான். இதுல என்னா பெரிய படிப்பு?" பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னீர்கள். கிளியனூரில் இருக்கும் உங்கள் அக்காவிடம், அதான் அண்ணியிடம், போனில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அந்தக் கோடையில் ஒன்று செத்தது. வாரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது செத்தபோது உங்கள் கண் சுற்றிச் சுற்றி என் சாம்பிராணிக் கரண்டியில் வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை ஆனா வூடு பூரா பொகையப் போட்டுக்கினு இருக்கியே, மீனு எப்படிடி உசுரோட இருக்கும்?"

"தொட்டிக்கு மூடி இருக்குதேங்க."

"எதுத்துப் பேசிக்கினு இருக்காத."

அதற்குப் பிறகு நான் கரண்டியை எடுத்தாலே நீங்கள் இரும ஆரம்பித்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, லொக்கு லொக்கென்று, துண்டை வாயில் பொத்திக்கொண்டு. பஸ் டீசல் புகையில் முப்பது வருஷம் வராத இருமல்! நாலாவது மீனும் செத்த அன்று கரண்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். கல்யாணமாகி வந்த முதல் வெள்ளியிலிருந்து போட்டுக்கொண்டிருந்தது. சத்துணவுக் கூடத்தில் வாரம் முழுக்கப் பருப்பிலும் எண்ணெயிலும் வெந்துவிட்டு வருகிறவள் நான். தலைக்குக் குளித்து, ஈரமுடியை விரித்துப்போட்டு, அந்தப் புகையில் உட்காரும் பத்து நிமிஷம்தான் எனக்கென்று இருந்தது. அதையும் உங்கள் மீனுக்குக் கொடுத்தேன்.

அதோடு விட்டீர்களா? மயிலத்தில் அண்ணியின் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் மொத்தமும் மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தது. யாரோ உங்களிடம், "என்னாப்பா, உன் கடல் மீனெல்லாம் எப்படி இருக்குது?" என்று கேட்டார்கள். நீங்கள் இலையிலிருந்து நிமிர்ந்து, வடை பரிமாறிக்கொண்டு நின்ற என்னைக் காட்டினீர்கள்.

"எங்க வூட்டுக்காரி பொகையப் போட்டே நாலு மீனையும் கருவாடு ஆக்கிட்டா."

பந்தியே சிரித்தது. அண்ணி அன்றைக்கே எனக்குக் கருவாட்டுக்காரி என்று பேர் வைத்தார். அப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதுதான் என் பேர். கருவாட்டுக்கு வேண்டியது உப்புதான், புகை இல்லை என்றுகூட அன்று என் வாயில் வரவில்லை. வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

நீங்கள் போன பிறகு அந்த ஒற்றை மீன் என் தலையில் விழுந்தது. "தம்பி ஞாபகமா இருக்கற ஒரே உசுரு, அதையும் தொலச்சிடாத" என்று பதினாறாம் நாளே சொல்லிவிட்டுத்தான் அண்ணி பஸ் ஏறினார். நீங்கள் கடைசியாகப் பிடித்து வைத்த கடல் தண்ணீர் ரெண்டு கேன் குளியலறை மூலையில் இருந்தது. உங்கள் உத்தரவுப்படி, தண்ணீர் வற்ற வற்ற அதிலிருந்துதான் ஊற்றினேன். வாரத்துக்கு ரெண்டு லிட்டர் பிடிக்கும்.

மூன்று மாதம் ஓடியது. மீன் இரை எடுப்பதை விட்டது. ஆரஞ்சு வெளுத்துப் பழைய சேலை நிறத்துக்கு வந்தது. ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. வீட்டில் ரெண்டு வருஷமாகப் புகை இல்லை, ஊதுபத்திகூட இல்லை. இது செத்தாலும் கருவாட்டுக்காரிதான் கொன்றாள் என்பார்கள். இந்தத் தடவை உங்களையும் சேர்த்துக் கொன்ற மாதிரி பேசுவார்கள்.

தொட்டியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பார்த்து, அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், அமைதியான ஆள். கண்டக்டர் வீட்டுத் தொட்டி என்றதும் தெரிந்துகொண்டார். டார்ச்லைட் போல ஒரு குழாயை எடுத்தார். அதன் நுனிக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு.

"அந்தக் கோடு முப்பத்தஞ்சுல நிக்கணும்மா. நாப்பத்தஞ்சுல நிக்குது. உப்பு எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. வத்தனா என்னா ஊத்தறீங்க?"

"கடல் தண்ணிதாங்க."

"அதாம்மா தப்பு. தண்ணி தான் ஆவியாப் போவுது, உப்பு அங்கியே தங்கிக்குது. நீங்க மேல மேல உப்பையே சேத்துக்கினு இருக்கீங்க. வத்தன அளவுக்கு நல்ல தண்ணி தான் ஊத்தணும்."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, இது எனக்குத் தெரியாததா? நூறு பிள்ளைக்குச் சாம்பார் வைக்கிறவள் நான். அடுப்பில் இருந்து வற்றினால் உப்பு கூடும், அப்போது வெந்நீர் விடுவோமா, இன்னும் ஒரு கரண்டி சாம்பாரை விடுவோமா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

"சாருக்குத் தெரியுமேம்மா. நாலு மீனு போச்சுன்னு இதே மாதிரி பாட்டில்ல தண்ணி எடுத்துக்கினு வந்தாரு. நல்ல தண்ணி ஊத்துங்கன்னு அப்பவே சொல்லி அனுப்பனேனே. பெரிய மனுஷன், கண்ணு கலங்கிட்டாரு. 'ரெண்டு நாள்ல மயிலத்துல காதுகுத்து. சொந்தக்காரனுங்ககிட்ட எல்லாம் மீனப் பத்திப் பீத்தி வச்சிருக்கேன், என்னா மூஞ்ச வச்சிக்கினு போறது'ன்னாரு. 'வூட்ல யாரு வந்தாலும் சொல்லிடாத'ன்னும் சொன்னாரு. நான் வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

கேட்டீர்களா? காதுகுத்துக்கு ரெண்டு நாள் முன்னால். தப்பு யாருடையது என்று தெரிந்துகொண்டுதான் அந்தப் பந்தியில் என்னைக் கை காட்டியிருக்கிறீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இன்னொன்றும் விளங்கியது. அந்த வருஷத்திலிருந்து நம் வீட்டில் குடிதண்ணீர் கேன் சீக்கிரம் சீக்கிரம் காலியானது. கேன் போடுகிறவரை நான் எவ்வளவு பேசியிருப்பேன்! "கொற கேனாப் போட்டுக்கினு போறியா?" என்று வாசலில் வைத்தே மானத்தை வாங்கினேன். நீங்கள் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஸ்கூலுக்குப் போன பிறகு நீங்கள்தான் அந்தத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் தொட்டியில் ஊற்றியிருக்கிறீர்கள். வாயில் மட்டும் கடைசி நாள் வரை கடல் தண்ணி தான். நான் நம்பினேன். நம்பி ஊற்றித்தான் உங்கள் மீனைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாதித் தொட்டியை இறைத்துவிட்டு ஒரு கேன் நல்ல தண்ணீரைக் கவிழ்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் கடைக்காரர் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார், ஒரே நாளில் உப்பை இறக்கினால் மீன் தாங்காது, தினம் ரெண்டு லிட்டர் எடுத்துவிட்டு ரெண்டு லிட்டர் நல்ல தண்ணீர், பத்து நாள் என்று. அளந்து எடுத்தேன், அளந்து ஊற்றினேன். கண்ணாடியை ஒட்டி, சத்தம் வராமல், சன்னமாக.

மூன்றாம் நாள் காலையில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து தொட்டியின் அடியில் கிடந்தது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். இப்போதே எல்லாவற்றையும் ஊற்றிவிட்டால் பிழைக்குமோ என்று குவளையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். சுவரில் மாலை போட்ட படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். "யோவ்!" என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. "யோவ், பண்றதையும் பண்ணிட்டு என்னா சிரிப்பு உனக்கு?" என்றேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். அன்றைக்கும் ரெண்டு லிட்டருக்கு மேல் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

ஐந்தாம் நாள் எழுந்து நீந்தியது. ஏழாம் நாள் நான் போட்டதை எடுத்துத் தின்றது. பத்தாம் நாள் விழுப்புரத்துக்குக் கொண்டுபோன பாட்டிலில் கோடு முப்பத்தைந்தில் நின்றது. "தண்ணி மட்டத்துக்கு ஒரு அடையாளம் வச்சிக்குங்கம்மா, அதுக்குக் கீழ எறங்கனா நல்ல தண்ணி" என்றார் கடைக்காரர். வீட்டில் அடையாளத்துக்கு என்ன இருக்கிறது என்று தேடினேன். அலமாரியில் என் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடந்தது, இனி உனக்கு எதற்கு என்று அண்ணி தூக்கிப் போடச் சொன்ன அட்டை. பெரிய சிவப்புப் பொட்டாகப் பார்த்து ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டினேன். அட்டையில் மீதி இருந்ததைத் தூக்கிப் போடவில்லை. மறுநாள் கேன்காரரை உட்கார வைத்து, காபி கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அவர் நெளிந்தார். அதுவும் நீங்கள் கேட்க வேண்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பரணில் ஏறிக் கரண்டியை இறக்கினேன். துரு பிடித்திருந்தது, புளி போட்டுத் தேய்த்தேன். கங்கு போட்டுச் சாம்பிராணியைத் தூவும் நேரம் பார்த்து அண்ணி வந்து நின்றார்.

"அடிப்பாவி, மீனு செத்துடும்டி!"

"சாகாது அண்ணி. கடல் தண்ணி ஊத்தறவரு போய்ட்டாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், கோடு, பாட்டில், காதுகுத்து, ஒன்று விடாமல். அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "செத்தவன் மேல பழி போடறியா?"

"உசுரோட இருந்தவ மேல அவரு போட்டாரே அண்ணி. அப்ப நீங்க தான பேரு வச்சீங்க?"

அண்ணி நான் கொடுத்த காபியைக் குடித்தார். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சின்னதுல அவன் ஒடச்ச கொடத்துக்கெல்லாம் எனக்குத்தான் அடி உழும். அம்மாகிட்ட நானும் சொன்னதில்ல" என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தேன். அதற்குப் பிறகு என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

எனக்குத் தீராதது ஒன்று இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில், என் சமையலறைக் குவளையில் தண்ணீர் மொண்டு, தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டே தொட்டியில் ஊற்றியிருப்பீர்கள். ஒன்றரை வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "தப்பு என்னுது தான்டி" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ரெண்டு நாள் திட்டியிருப்பேன். மூன்றாம் நாள் சாம்பார் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பேன். அப்புறம் அந்தத் தண்ணீரை ரெண்டு பேருமாக ஊற்றியிருக்கலாம். அந்த ஒன்றரை வருஷத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இதற்கு உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

மீன் நன்றாக இருக்கிறது. நிறம் திரும்பிவிட்டது. தினம் காலையில் பொட்டைப் பார்க்கிறேன், பொட்டு வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன், ஊற்றும்போது உங்களை நாலு வார்த்தை திட்டுகிறேன். பழகிவிட்டது. நிறுத்தினால் மீனுக்கே என்னவோ போல இருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்தாகிவிட்டது, கங்கு சிவந்துகொண்டிருக்கிறது. வீடு முழுக்கப் போட்டுவிட்டு உங்கள் படத்துக்கும் கொண்டுவந்து காட்டுவேன். இருமினால் இருமுங்கள்.