மேடையின் உயரம்

கனசாவா, மழை நாள்

என் வீட்டுக்காரிக்கு,

சமையலறை வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. வாசற்படியை எடுத்துவிட்டுக் கதவை அகலப்படுத்தியாயிற்று. ஏன் என்று நீ கேட்க மாட்டாய், நானும் சொல்லப்போவதில்லை.

நேற்று மூன்று மணி இடைவேளையில் தச்சர் ஒகுமுராவுக்கு நானே தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டார்: “வீட்டம்மா என்ன உயரம்? சமைக்கிறவங்க உயரத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல மேடை நிக்கணும். இல்லேன்னா இடுப்பு போயிரும்.”

“என்னை அளங்க,” என்றேன்.

“உங்களையா? டீயே இந்த லட்சணத்துல இருக்கு!” என்று சிரித்தார்.

நான் சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு அளவுநாடாவை எடுத்தார்.

ஜன்னலோரம் மட்டும் தாழ்வாக இன்னொரு மேடை வருகிறது. அடியில் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன், நாற்காலிச் சக்கரம் இடிக்காது. அங்கே இருந்தபடி நீ அவரைக்காய் உரிக்கலாம், என்னைத் திட்டலாம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க வரும் நர்ஸிடம் முறைத்துக்கொள்ளாதே. நான் தினமும் மிசோ சூப் வைத்துப் பழகுகிறேன். வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்துவிடுகிறேன். என்ன குறை என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இப்படிக்கு,
மேடைக்கு அளவு கொடுத்தவன்