கிழக்கெல்லை கடல்

அன்பு மகள் ஸஹ்றாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பின் உன் வீட்டின் பின்மதிலையும் குசினியில் பாதியையும் கடல் எடுத்துவிட்டது. எனக்கும் உம்மாவுக்கும் ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், தோஹாவில் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். ஆனால் பயம் போகவில்லை மகள். சாப்பாட்டறையில் கால் வைத்தால் நிலத்துக்கடியில் வெறுமையாகச் சத்தம் கேட்கிறது. உம்மா குர்ஆனையும் காணி உறுதிப் பத்திரங்களையும் ஒரு பையில் கட்டி வாசலில் வைத்திருக்கிறா, "தொழுதுகொண்டு நிண்டாலும் என்ட காது கடல்லதான் கிடக்கு" என்கிறா.

பிழை என்னுடையது. சுனாமிக்குப் பிறகு ஊரே மேற்கே ஓட, சைக்கிளில் புடவை மூட்டை கட்டி விற்றுச் சேர்த்த காசோடு நான் கிழக்கே வந்து இந்தக் காணியை மலிவாக வாங்கினேன். அன்று வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் கிரிக்கெட் அடிக்க இடம் இருந்தது. உறுதியில் மூன்று எல்லைக்கும் ஆட்களின் பெயர், கிழக்குக்கு மட்டும் கடல் என்றிருந்தது, அந்தப் பக்கம் வேலிச் சண்டைக்கு ஆளில்லை என்று சந்தோசப்பட்டு அதையே உனக்குச் சீதனமாக எழுதித் தந்தேன். கடலை மறிக்கக் கல்லணை கேட்டு பிரதேச சபைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற ஆகிலா, கிராமச் சபைக் காலத்து நிலப்படத்தை விரித்துக் காட்டினா. அதில் நம் தெருவுக்குக் கிழக்கே இன்னும் இரண்டு தெரு, ஒரு சந்தை, அதற்கும் அப்பால் தென்னந்தோட்டம். எல்லாம் இப்போது தண்ணீருக்குள். "ஹாஜியார், உங்கட உறுதிப்படி கடல் எங்க வந்து நிக்குதோ அதுதான் உங்கட எல்லை, நாங்க என்னெண்டு மறிக்கிற" என்று சிரிக்காமல் சொன்னா. மேற்கே தள்ளிப் போவோம் என்றால் பிரதான வீதிக்கு அப்பால் முழுக்க வயல், நிரப்பி வீடு கட்டச் சட்டம் விடாது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் அரை மைல் அகலத்தில்தான் இந்தச் சபைக்குரிய ஊர் முழுவதும் கிடக்கிறது, அதுவும் வருடத்துக்கு வருடம் ஒடுங்குகிறது. உன் பிள்ளைகள் காலத்தில் சபையின் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சுமோ தெரியாது. வாடைக்காற்று தொடங்கினால் வீட்டில் மீதியும் நிற்காது.

பாண்டிருப்பு இளையதம்பிக்கு பிரதான வீதியோரம் வீடு கட்ட ஏற்ற ஒரு மேட்டு வளவு உண்டு, போய்க் கேட்டேன். "கடலையே பக்கத்து வீட்டுக்காரனாப் பிடிச்ச ஆளெல்லோ காக்கா நீங்க, என்ன, இப்ப சண்டையோ?" என்று காக்கா முறை வைத்தே நக்கலடித்துவிட்டு, பிறகு தேத்தண்ணி தந்து, காசு வேண்டாம், பதிலுக்கு உங்கட வயலைத் தாங்க என்றார். இரண்டு நாள் யோசித்தேன்.

மருமகன் றினாஸிடம் எதையும் ஒளிக்காதே, மாமா ஏமாந்துபோனார் என்று நினைத்தாலும் நினைக்கட்டும். பிள்ளைகள் வீடியோவில் கடலைக் காட்டச் சொன்னால் உம்மா அழுவா, கேட்க விடாதே. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் எல்லா ஆபத்திலிருந்தும் காப்பானாக. உன் சார்பில் நான் கையொப்பம் வைக்க, தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி உடனே அனுப்பு, வாடைக்கு முன் உறுதி முடிய வேண்டும்.

பேசி முடித்தது இதுதான்: வரிப்பத்தான்சேனை வயல் மூன்று ஏக்கரும் இளையதம்பிக்கு, அவருடைய இருபது பேர்ச் வளவு உன் பெயருக்கு, நிற்கிற சிறுபோக நெல் வேளாண்மையை நான் வெட்டுவேன், அதற்குப் பிறகு நம் வீட்டு அரிசி கடையில்தான்.

உன் வாப்பா,
மீராமுகைதீன்