சிப்பி வாடை

மைனி,

இன்று காலை ஆட்டோ கடற்கரைச் சாலையில் திரும்பியதும் ஓர் அழுகல் வாடை மூக்கில் ஏறியது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. "அண்ணாச்சி, ஒங்களுக்கு நாத்தம் அடிக்கா?" என்று ஓட்டுகிறவரிடம் கேட்டேன். "அடிக்காம என்ன? காயப்போட்ட கருவாடு நேத்து மழையில நனைஞ்சு போச்சுல்லா" என்றார். அப்புறம்தான் மூச்சு வந்தது. இப்போதெல்லாம் எந்தக் கெட்ட வாடை வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுகிறேன். அவருக்கும் அது வருகிறது என்று தெரிந்தால்தான் நிம்மதி.

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பெட்டியில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் பேய்க்கதைப் புத்தகங்களைப் பார்த்து அம்மா திகைத்துப்போனாள். "பயப்படாதீங்க அத்தை, அதெல்லாம் உள்ளயேதான் கெடக்கும், வெளிய வராது" என்றீர்கள். உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு நீங்களும், துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசிலிருந்து நானும் வந்து சேர்ந்தால், வெளிச்சம் இருக்கும்வரை மொட்டைமாடியில் வாசிப்போம். லாரி செட்டிலிருந்து திரும்பும் அண்ணன், "ரெண்டு பேரும் பேயப் படிச்சுப் படிச்சுப் பேயாவே ஆயிட்டிய" என்று கேலி செய்வான்.

போன வருஷம் மழைக்காலத்தில் வாட்ஸப் வாசகர் குழு ஒன்றில் வாசிப்புச் சவால் வந்தது. மாதம் ஒரு புத்தகம். முதலில் திகில், அடுத்து மாய உலகக் கதை, அதற்கடுத்து புராணத்திலிருந்து கிளைத்த நாவல். என்னைக் கேட்காமலே என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள்.

திகிலுக்கு நீங்கள் எடுத்தது நம் கடற்கரையிலேயே நடக்கும் கதை. அந்தக்காலத்து முத்துக்குளிப்பு முகாம். முத்தெடுப்பதற்காகச் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டிருக்கிறார்கள். மூழ்கி மேலே வராமல் போனவர்கள், தாங்கள் அள்ளிய சிப்பியைத் தேடி ஒவ்வொருவராகக் கரையேறி வருகிறார்கள். பாதிக் கதையில் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஏளா, ஒனக்குச் சிப்பி வாடை வருதா?"

"வரலையே மைனி."

"எனக்கு வருது. எழுதுனா இப்படில்லா எழுதணும்!"

குழுவிலும் அதைப் பெருமையாகப் போட்டீர்கள்.

அடுத்த மாதம் வாசித்தது மேகத்தின்மேல் கோட்டை கட்டிய ராணியின் கதை. கடலே இல்லாத கதை. அதிலும் உங்களுக்கு அந்த வாடை வந்தது. பிறகு புத்தகம் கையில் இல்லாதபோதும் வந்தது. குழம்பு தாளிக்கும்போது, கோயில் பிராகாரத்தில், பஸ்ஸில். அது வரும் நேரம் பேச்சு நின்றுவிடும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். கொஞ்சம் கழித்து, நடுவில் எதுவும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து பேசுவீர்கள். அம்மா அந்தச் சிப்பிக் கதைப் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் புறவாசலில் வைத்தாள். மந்திரிப்பதற்குக் காயல்பட்டினத்தில் ஆள் விசாரித்தாள். புறவாசல் பக்கம் போகவே நான் பயந்தேன்.

நீங்களும் பயந்துதான் இருந்தீர்கள். ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. "பேய்க்கதையில சாகுதவங்க எல்லாரும் ஒரே தப்பத்தான் பண்ணுதாவ. மொதல்ல பாத்தத யார்ட்டயும் சொல்லாம மறைச்சிருதாவ. நான் சொல்லிருதேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. வாடை காட்டியதும், கண்ணை நிலைகுத்த வைத்ததும் அதுதான் என்றார் டாக்டர். "அப்போ அந்தச் சிப்பிக் கத எழுதுன ஆளு அவ்வளவு நல்லா எழுதல போல" என்றீர்கள். சிரிக்க யாராலும் முடியவில்லை. அண்ணன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

ஆபரேஷனில் கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. வாசிக்கும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாகச் சொன்னீர்கள். சவாலின் கெடு எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் மூன்றாவது புத்தகத்தை விட உங்களுக்கு மனசில்லை. நான் வாசித்துக் காட்டினேன். புருஷனைக் கடல் கொண்ட ஒருத்தி, அவனைத் திருப்பிக் கேட்க எமன் ஊருக்கே நடந்து போகிற கதை. பார்க்க வந்த உங்கள் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த நேரத்துல எமன் கதையா? சாமி பாட்டுப் போட்டா என்ன?"

"புத்தகத்துல இருக்க பயத்த மூடி வச்சிரலாம் பெரியம்மா. ஒங்க மூஞ்சில இருக்கத என்ன செய்ய?" என்றீர்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கத் தொடங்கினாள்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைசி மத்தியானம் கோடை மழைக்கு வானம் கறுத்துக் கிடந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதியது. "நான் தூங்கிட்டாலும் நிப்பாட்டாதளா" என்றீர்கள். "எமன் ஊருல பாதி வழியில என்னைய விட்டுராத."

கதையில் அவள் ஒவ்வொரு வாசலாகக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு வாசலில் உங்கள் மூச்சு இழுத்தது. அடுத்த வாசலில் நின்று நின்று வந்தது. பிறகு வரவில்லை. எனக்குத் தெரிந்தது. உங்கள் கையைப் பிடித்திருந்த அண்ணனுக்கும் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். புத்தகத்தை மூடப்போனேன்.

"வாசி" என்றான். புத்தகம் என்று ஒன்றைத் தொட்டே பார்க்காதவன்.

எமன் ஊரிலிருந்து அவள் வெளியே வருகிற வரைக்கும் வாசித்தேன், மைனி. அவள் தனியாகத்தான் வந்தாள்.

இந்த வருஷத்துச் சவாலும் தொடங்கிவிட்டது. இது திகில் மாதம். பெயர் கொடுத்திருக்கிறேன். மனசுக்குள் வாசிக்க இப்போது எனக்கு வருவதில்லை, வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். அண்ணன் வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறான். மேலே வரமாட்டான், ஆனால் கேட்கிறான். பயங்கரமான இடம் வந்தால் என் குரல் நடுங்கத்தான் செய்கிறது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போவதில்லை.