நூறு பருந்துகள் கடந்தால்

2087 மார்ச் 2, மாலை 5.40. மேகமூக்கு முகடு.
வானம் தெளிவு. தென்மேற்குக் காற்று, மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். வடக்கே கடந்த பூனைப்பருந்துகள்: மூன்று. நேரம் 10.50, 12.30, 2.15.

இந்தக் குறிப்பேடு யார் கைக்குக் கிடைக்கிறதோ அவருக்கு: என் பெயர் செங்கமலம். பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வோர் இளவேனிலிலும் இங்கே தனியாக உட்கார்ந்து, வடக்கே ஊர் திரும்பும் பருந்துகளை எண்ணுகிறேன். ஏப்ரல் ஏழாம் தேதிக்குள் நூறு கடந்தால், சரக்கு ட்ரோன்களுக்கு இந்த வான்பாதை ஆண்டு முழுவதும் மூடியிருக்கும். ஒன்று குறைந்தாலும் மறுநாளே திறந்துவிடுவார்கள். இயந்திரக் கண்ணை நம்பக் கூடாது, மனிதர் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது சட்டம். ஏழு முகடுகளுக்கு ஏழு பேர்; இங்கே அந்த மனிதர் நான். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

முறை எளிது. முகட்டின் கல்தூணைத் தாண்டி வடக்கே போனால் ஒன்று. தாண்டியதும் பார்வையைத் தெற்கே திருப்பிவிட வேண்டும். போனதையே பார்த்துக்கொண்டிருந்தால் வருவது தவறிவிடும்.

மார்ச் 19, மாலை 6.25.
இன்றும் மூன்று. மொத்தம் 54.

மின்கலம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடப் பேச்சுக்குத்தான் தாங்கும். கீழே போடி நிலையத்தில் பீர்முகமது இருக்கிறான். "கமலக்கா, சாப்டீங்களா? இன்னைக்கும் மூணா? பஸ்ஸு கூட இம்புட்டு நேரத்துக்கு வராதுக்கா." சிரித்தேன். வானொலியில் முகம் தெரியாது. ஆனாலும் தலை வாரிக்கொண்டுதான் உட்காருகிறேன்.

அணைத்ததும் அழுகை வருகிறது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, மாலை 5.30.
மொத்தம் 102. பாதை மூடியது! கொஞ்சம் வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன். ஒருத்தியே குடித்தேன்.

ஏப்ரல் 5, மாலை 4.10.
ஊற்று வற்றிவிட்டது. தண்ணீருக்காகக் கிழக்குச் சரிவில் இறங்கினேன். 11.20க்குப் புல்லை உரசிக்கொண்டு ஒரு பருந்து தெற்கே போனது. செங்கல் நிற வயிறு, போன ஆண்டுக் குஞ்சு. இடது சிறகில் ஓர் இறகு இல்லை.

12.30க்குத் தூணைக் கடந்த பருந்துக்கும் இடது சிறகில் ஓர் இறகு இல்லை. 2.15க்கும் அதேதான்.

ஏப்ரல் 6, மாலை 3.00.
இன்று வடக்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறது. கொஞ்ச தூரத்தில் வட்டமடித்து நாலாபுறமும் பார்க்கிறது. பிறகு கிழக்குப் பள்ளத்தாக்கு வழியாகத் தாழப் பறந்து தெற்கே திரும்பிவிடுகிறது. குஞ்சுக்கு வழி தெரியாது. யாராவது வந்தால் கூடப் போகலாம் என்று காத்திருக்கிறது. யாரும் வரவில்லை.

நூற்றிரண்டு இல்லை. ஒன்று. போன ஆண்டு நூற்றுப் பதினெட்டு என்று அனுப்பினேன். அவை எத்தனை?

ஏப்ரல் 6, மாலை 6.30.
பீரிடம் சொன்னேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு: "அக்கா, அத மாத்தாதீங்க. நூத்திரெண்டாவே இருக்கட்டும். மத்த ஆறு முகட்டுலயும் மூணு வருசமா ஒண்ணுகூட வரல. ஒங்க கணக்கப் பாத்துத்தான் ரெண்டு கூட்டிக் கொறச்சு எழுதிக்கிறாங்க. நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

உடம்பெல்லாம் எரிந்தது. என் நேர்மையை வைத்து ஆறு பேர் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் இளிச்சவாயா?

ஏப்ரல் 7, காலை 9.05.
இறுதி அறிக்கை அனுப்பினேன். எண்ணிக்கை: ஒன்று. ஒப்பமிட்டேன்.

ஏப்ரல் 7, மாலை 6.40.
மத்தியானம் அது மூன்றாம் முறை வந்தபோதுதான் கோபம் தணிந்து புத்தி வந்தது. உண்மை எழுதியவள் நான், ட்ரோன்களில் அடிபட்டுச் சாகப்போவது அது. அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று பீரிடம் கெஞ்சினேன்.

"முடியாதுக்கா. ஒங்க ஒண்ணப் பாத்து மத்த ஆறு பேரும் கணக்க மாத்திட்டாங்க, உத்தரவும் வந்துருச்சு. ஏழு முகடும் நாளைக்குக் காலையில தொறக்குறாங்க." அவன் குரல் உடைந்திருந்தது. "ஒங்களுக்கு ஏங்க்கா இம்புட்டு பிடிவாதம்?"

வானொலியை அணைத்துவிட்டேன். யாரும் கூட இல்லாதவளுக்குப் பிடிவாதம்தான் துணை என்று இப்போது தோன்றுகிறது. அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, காலை 10.50.
வந்துவிட்டது. தூணருகே சுற்றுகிறது. கத்தினேன். போர்வையை வீசினேன். கல்லெடுத்து எறிந்தேன். இத்தனை ஆண்டில் ஒரு பறவையின் மேல் கல்லெறிந்தது இதுவே முதல்முறை. போக மாட்டேன் என்கிறது.

10.58.
தெற்கே புள்ளிகள். ட்ரோன்கள். தொலைநோக்கியில் எண்ணினேன். நாற்பது.

11.01.
பறவை பார்த்துவிட்டது. பயப்படவில்லை. நேரே மேலே எழுகிறது. இவ்வளவு வேகமாக அது எழுந்து நான் பார்த்ததே இல்லை. அவற்றை நோக்கிப் போகிறது. கூட்டம் வந்துவிட்டது என்று நினைக்கிறது.

11.03.
நடுவில் புகுந்துவிட்டது. எல்லாம் ஒன்றாகத் தூணைத் தாண்டின. நாற்பத்தொன்று. போ கண்ணு, அவற்றோடாவது போய்ச் சேர்.

11.06.
அடுத்த மலைக்கு மேலே போகின்றன. நாற்பது. கண் கலங்கியிருக்கிறது, தப்பாக எண்ணியிருப்பேன்.

மறுபடி எண்ணினேன். நாற்பது.

மறுபடி